யாருடன் போகிறாய்?

நேட்டாலுக்குப் போன கூலிக் கப்பல்களின் பெயர்ப் பட்டியல்களை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அதன் பின் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, கிராமம். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: தழும்பு, மச்சம், அம்மை வடு.

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பட்டியல்களை மாணவிகளோடு சேர்ந்து வாசிக்கும்போது முதலில் எல்லோரும் தேடுவது தங்கள் ஊர்ப் பெயரைத்தான். நான் தேடுவது அதில் இல்லாத ஒரு கட்டத்தை. இந்த விவரங்களை எல்லாம் சொன்னது யார், எழுதியது யார் என்பதற்கு அதில் இடமில்லை. பட்டியலில் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு ‘வயது 22’ என்று யாரோ சொன்னார்கள், யாரோ எழுதினார்கள். ஊரிலிருந்து டிப்போ வரை அவளைக் கூட்டிவந்தவன், அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், ஒருவன் இருந்தான். அந்தக் காலத்து விசா ஏஜென்ட் அவன்தான். வட இந்தியாவில் அவனை அர்காட்டி என்றார்கள். நம் பக்கத்தில் மேஸ்திரி, கங்காணி, அல்லது வெறுமனே ஆள் பிடிக்கிறவன்.

இவனைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரன் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏமாற்றினான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவன் எப்படி உருவானான், ஒவ்வொரு புதுச் சட்டத்தின் போதும் ஏன் அழியாமல் தழைத்தான் என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

ஆங்கிலேய அரசு 1837லேயே ஒரு விதி போட்டது. ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடக்கிறவர் ஓர் அதிகாரியின் முன் நேரில் வந்து, நிபந்தனைகளைக் கேட்டு, சம்மதம் சொல்ல வேண்டும். பின்னால் வந்த சட்டங்களில், குறிப்பாக 1883ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில், பதிவு அதிகாரி, துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர், மருத்துவப் பரிசோதனை என்று படிகள் கூடின. தாளில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கிராமத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காத ஒருத்தி, துரை ஒருவரின் முன் நின்று, தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட ஐந்து வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த வாசலைத் தாண்ட அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். வாசலைக் கட்டியது அரசு. வாசலில் நின்று காசு வாங்கியது தரகன்.

இதில் பெண்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருந்தது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதம் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பொருந்தியது. அந்த எண்ணிக்கை நிறையாவிட்டால் கப்பல் புறப்படுவது சிக்கல். அதனால் ஓர் ஆணைக் கொண்டுவந்தால் கிடைக்கும் தரகை விடப் பெண்ணைக் கொண்டுவந்தால் கிடைக்கும் தரகு அதிகம். இந்த ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பெண்ணின் உழைப்புக்குத் தோட்டத்தில் ஆணை விடக் குறைந்த கூலி. அவளைப் பிடித்துக் கொடுப்பதற்கு மட்டும் கூடுதல் விலை.

சரி, யார் அந்த நாற்பது பேர்? ஃபிஜிக்குப் போன வட இந்தியப் பெண்களின் பயணச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த வரலாற்றாளர் பிரிஜ் லால், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கணவனோ குடும்பமோ இல்லாமல் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்கள் என்று கண்டார். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், மாமியார் வீட்டிலிருந்து வெளியேறியவர்கள், பஞ்சத்தில் எல்லாம் இழந்தவர்கள். கயூத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய நூலும் இப்படி ஒருத்தியிலிருந்துதான் கிளம்புகிறது: 1903இல், கர்ப்பிணியாக, தனியாகக் கப்பல் ஏறியவள். இவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்வது அன்றைய தேசியத் தலைவர்களுக்கும் வசதியாக இருந்தது, கிறித்தவ மிஷனரிகளுக்கும் வசதியாக இருந்தது. ஒரு பெண் தானே முடிவெடுத்து ஊரை விட்டுப் போயிருப்பாள் என்பதை விட, எவனோ மயக்கிக் கூட்டிப் போனான் என்பது கேட்க எளிது.

அதற்காக அவர்கள் சுதந்திரத்தைத் தேடிப் பறந்தார்கள் என்று நான் மாலை போடவும் தயாரில்லை. பயணச் சீட்டில் ‘மணமானவர் எனில் யாருடன்’ என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் போகிறவளுக்குக் கப்பலிலும் தோட்டத்திலும் என்ன காத்திருக்கிறது என்பதைத் தரகனும் அறிவான், சில சமயம் அவளும் அறிவாள். டிப்போவிலேயே, கப்பல் ஏறுமுன், முன்பின் தெரியாத ஒருவனைக் கணவன் என்று எழுதிக்கொண்டவர்கள் உண்டு. ‘டிப்போ கல்யாணம்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒழுக்கக்கேடு என்று அறிக்கைகள் அதைக் குறித்து வைத்தன. என் கண்ணுக்கு அது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் வேலை. யாருடன் என்று கேட்கிறார்கள், பதில் ஒன்று வேண்டும், பக்கத்தில் நிற்பவன் பெயரைச் சொல்.

1913இல் ஃபிஜியில் குந்தி என்ற பெண், தன்னை வன்புணர முயன்ற மேற்பார்வையாளனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள். அந்தச் செய்தி இந்தியப் பத்திரிகைகளுக்கு எட்டியபோது எழுந்த கொந்தளிப்பு ஒப்பந்தக் கூலி முறையை முடித்துவைத்த காரணங்களில் ஒன்று. பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடியதும் அந்தக் காலத்தின் துயரத்தில்தான். 1917இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 தொடக்கத்தில் ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. நல்லது. ஆனால் அந்தப் போராட்டத்தின் மொழியைக் கவனியுங்கள்: நம் பெண்களின் மானம், நாட்டின் மானம். குந்தியின் கூலி, அவளுக்குக் கொடுத்த கூடுதல் வேலை, அவள் தன் வாயால் சொன்ன புகார் எல்லாம் பின்னுக்குப் போய், மானம் மட்டும் முன்னால் நின்றது. அதன்பின் நூறு ஆண்டுகளாகப் பெண் வெளிநாடு போவதைப் பற்றி அரசு பேசும்போதெல்லாம் இந்த மொழிதான்.

காகிதத்தின் வலிமையைத் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்கள் இன்னொரு விதத்தில் சந்தித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று நேட்டால் அரசு 1895இல் சட்டம் செய்தது. 13 வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகளுக்கும் அந்த வரி உண்டு. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்பது அதன் சாரம். ஒரு முஸ்லிம் மனைவி கணவனிடம் போய்ச் சேர நாட்டுக்குள் நுழையலாமா என்ற வழக்கு அது. நுழைவு அனுமதி பற்றிய ஒரு கேள்வி, அங்கிருந்த பெரும்பாலான இந்தியப் பெண்களை ஒரே நாளில் மனைவி என்ற நிலையிலிருந்து கீழே இறக்கியது. அந்த ஆண்டு எழுந்த போராட்டத்தில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கிளம்பி நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தில்லையாடிக் குடும்பத்து வள்ளியம்மை அங்கேயே பிறந்தவர். சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அவர் பெயரில் நம் ஊர்களில் மண்டபங்களும் பள்ளிகளும் உண்டு. அவர் எதை எதிர்த்துப் போராடினார் என்று கேட்டால் ‘காந்தியோடு போராடினார்’ என்றுதான் மாணவிகள் சொல்கிறார்கள். தலைவரியும் திருமணச் சான்றும் பாடப்புத்தகத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் தரகன் வேறு மாதிரி. கங்காணி உறவுக்காரன், அல்லது உறவுக்காரன் போல. அவன் தன் ஊருக்கே வந்து, தன் சாதி சனத்துக்கே முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தான். அவன் தலைமையில் போனால் ‘யாருடன் போகிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். விலையும் அதற்கேற்பத்தான். வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறும். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதி, அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை கொடுக்கும் காகிதம். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் அது தடை செய்யப்பட்டது. பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்வது மட்டும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது, தகப்பனோ தகப்பன்வழிப் பாட்டனோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த தாய்வழிக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அந்த மலையகப் பெண்களின் பேத்திகள் 1980களிலிருந்து வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். கிழக்கிலிருந்து முஸ்லிம் பெண்களும், சிங்களக் கிராமத்துப் பெண்களும் போனார்கள். இலங்கை 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைத் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இங்கே மீண்டும் அந்தப் பழைய கணக்கு வருகிறது. ஆண் வெளிநாடு போக ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏஜென்டே முன்பணம் கொடுத்து அனுப்புவான். அவளுக்கான தரகு அந்தப் பக்கத்து முதலாளியிடமிருந்து வருகிறது. கையில் வாங்கிய காசு அவளைக் கட்டிப்போடும். இடையில் திரும்ப நினைத்தால், வாங்கியதை வை என்பார்கள். துண்டு என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கை இந்தப் பக்கத்தில் மறந்துவிட்டோம். 1988இல் பிறந்தவள். 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவள் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. 17 வயதுப் பெண்ணை 23 ஆக்கி ஒருவர் படிவம் நிரப்பியிருக்கிறார். வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் குழந்தைக்குப் பால் புகட்டச் சொன்னார்கள். போன சில வாரங்களில் குழந்தை இறந்தது. கொலை என்றார்கள்; புரையேறியது என்றாள் அவள். 2007இல் மரண தண்டனை. பிறப்புச் சான்றிதழில் அவள் சிறுமி, கடவுச்சீட்டில் வளர்ந்த பெண். நீதிமன்றம் எந்தக் காகிதத்தை நம்பியது என்று சொல்லத் தேவையில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவள் தலை வெட்டப்பட்டது. நிறைவேறிய பிறகு இலங்கை அரசு என்ன செய்தது? சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் போக முடியாது. மற்றவர்களும் உள்ளூர் அதிகாரிகளின் கையொப்பம் வாங்க வேண்டும். தகப்பன் வெளிநாடு போனால் யாரும் குழந்தையின் வயதைக் கேட்கவில்லை.

போலி வயதால் ஒருத்தி செத்தாள் என்றால், வயது வரம்பை உயர்த்துவது போலி வயதுக்கான தேவையைத்தான் உயர்த்தும். கையொப்பம் ஒன்று கூடினால், அதை வாங்கித் தருகிறவனின் கட்டணமும் கூடும். 2022இல் டாலர் இல்லாமல் நாடு தத்தளித்தபோது அதே அரசு வயதை 21 ஆகக் குறைத்து, அந்த அறிக்கை விதியையும் தளர்த்தியது. குழந்தைகளின் மீதான அக்கறை அந்நியச் செலாவணி இருப்பைப் பொறுத்தது என்று தெரிந்துகொண்டோம்.

இந்தியாவும் சளைத்ததில்லை. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடவுச்சீட்டு குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் சேரும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். அந்தப் பதவியின் பெயர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மாறவேயில்லை. இதிலும் பெண்ணுக்குத் தனி விதி: 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து, செவிலியர் தவிர இந்த வகைக் கடவுச்சீட்டு உள்ள எந்தப் பெண்ணும் குறிப்பிட்ட சில அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம், 1978இல் தொடங்கியது. தனியார் ஏஜென்டை வெட்டிவிடும் நல்ல எண்ணம்தான். ஆனால் சென்னை அலுவலகத்துக்கும் திருத்துறைப்பூண்டியில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருத்திக்கும் இடையே உள்ள தூரத்தை யார் கடப்பது? கடந்து வந்து வீட்டு வாசலில் உட்காருகிறவன் துணை ஏஜென்ட்தான். அவன் விசிட் விசா என்பான், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பான், விமான நிலையத்தில் ‘செட்டிங்’ இருக்கிறது என்பான். அப்படிப் போனவள் அரசின் கணக்கில் சுற்றுலாப் பயணி. சம்பளம் வராவிட்டால் அவளுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை.

என் சித்தி 2009இல் குவைத் போனபோது வயது 26. கடவுச்சீட்டில் 31. பதிவு பெற்ற நிறுவனம் என்று பலகை மாட்டியிருந்த ஓர் அலுவலகம்தான் எல்லாம் செய்தது. “கேட்டா முப்பத்தொண்ணுன்னு மட்டும் சொல்லுங்கக்கா, வேற எதுவும் பேசாதீங்கன்னான். நான் என்னத்தடி பேசப்போறேன்? எனக்கு அப்ப ரெண்டு வட்டிக்காரன், ஒரு குடிகாரன். முப்பத்தொண்ணு என்ன, அம்பத்தொண்ணுன்னாலும் சொல்லியிருப்பேன்” என்றார். ஆறு வருடம் இருந்தார். வீட்டை மீட்டார், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். முதல் ஆறு மாதச் சம்பளம் அந்த அலுவலகத்துக்குப் போனது. ஏமாந்தீர்களா என்று கேட்டேன். “ஏமாந்தேன்தான். போகாம இருந்திருந்தா அதவிட ஏமாந்திருப்பேன்” என்றார். இப்போது அவர் ஆதாரில் ஒரு பிறந்த நாள், கடவுச்சீட்டில் வேறொன்று. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடத்தை அவருக்குக் கூட்டிப் போட்டவனிடம் போய்க் கழிக்கச் சொல்ல முடியாது; அந்த அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

படித்த பெண்களுக்கு இதெல்லாம் வேறு உலகம் என்று நினைக்க வேண்டாம். கணினி வேலைக்காக அமெரிக்கா போகிறவனின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில், 2015 மே மாதம் வரை எந்த வேலையும் செய்ய அனுமதி கிடையாது. அதன் பிறகும் கணவனின் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் ஒரு கட்டத்தை எட்டியிருந்தால்தான். பொறியியல் பட்டத்தோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தவர்களின் விண்ணப்பத்திலும் முதல் கேள்வி யாருடன் என்பதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுக்குப் படிவம் நிரப்புகிறவருக்கு வழக்கறிஞர் என்று பெயர், கட்டணத்துக்கு ரசீது உண்டு, தவறு நேர்ந்தால் கேட்க இடம் உண்டு. நேர்மையான உதவிக்குப் பணம் கொடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்த நேர்மை சம்பளத்துக்குத் தக்கபடி அளந்து கொடுக்கப்படுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாண்டாக நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்தின் பின்கட்டில் உட்காருகிறோம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் காகிதங்களோடு வருவார்கள். போகாதே என்று யாரிடமும் சொல்வதில்லை. அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் பதிவு எண் இருக்கிறதா, இருந்தால் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்கிறோம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்று சொல்கிறோம். பாதிப்பேர் அதைப் போல மூன்று மடங்கு ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயத்தில், ஓய்வு நாள் உண்டா என்று வரி வரியாகப் படித்துக் காட்டுகிறோம். எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து அம்மாவுக்கோ தோழிக்கோ அனுப்பி வைக்கச் சொல்கிறோம். பிறந்த தேதியை மாற்றச் சொன்னார்களா என்று கடைசியில் கேட்போம். அதற்கு மட்டும் உடனே பதில் வராது.

போன மாதம் வந்தவளுக்கு 27 வயது, ஒன்பதாவது வரை படிப்பு, ஒரு பெண் குழந்தை. எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நான் பத்தாவது எழுதிட்டா இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லியாக்கா?” என்றாள். பத்தாவது தேறினால் குடியேற்ற அனுமதி தேவையில்லாத கடவுச்சீட்டு கிடைக்கும், 30 வயது விதியும் பொருந்தாது. அப்படித்தான் என்றேன். தனித்தேர்வராக எழுத எப்போது பணம் கட்ட வேண்டும் என்று தேதியைக் கேட்டு, ஏஜென்ட் கொடுத்த விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனாள்.